அடக்கத்துக்கு முந்தி வந்த முப்பத்தொன்று

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு பனிக்காலம். டாவோஸில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்த ஹோட்டலில், பக்கத்துத் தொட்டியில் சட்டி பானை கழுவுகிறவன் ஒருநாள் குளிரறைக்குள் போகமாட்டேன் என்று நின்றுவிட்டான். இறைச்சி, மீன், பால் எல்லாம் வைக்கும் அறை அது. ஆள் உள்ளே நடந்து திரியலாம். கழுவுகிற வேலையோடு அங்கேயிருந்து சாமான் எடுத்துக் கொடுப்பதும் எங்கள் இரண்டு பேரின் பொறுப்பு. ஷெஃப் மூன்று தரம் கத்திப் பார்த்தார். அவன் கையில் நுரையோடு அசையாமல் நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு நானே போய் வெண்ணெய்ப் பெட்டியைத் தூக்கி வந்தேன்.

“என்ன, உள்ளுக்க பேய் கண்டனியோ?” என்று கேட்டேன்.

“என்ர அப்பா இப்பிடி ஒரு அறைக்குள்ளதான் கிடக்கிறார்,” என்றான். “நேற்றுப் பின்னேரம் தம்பி போன் எடுத்தவன்.”

நாங்கள் கதைத்தது ஆங்கிலத்தில். அவனுடையது நல்ல ஆங்கிலம், என்னுடையது இடையிடையே ஜெர்மன் செருகிய உடைந்த ஆங்கிலம். ஆனால் ஞாபகத்தில் அவன் எங்கள் ஊர்த் தமிழிலேதான் கதைக்கிறான். அதை மாற்ற எனக்கு மனமில்லை.

அவன் நைஜீரியாவின் கிழக்குப் பகுதி ஆள், இக்போ இனத்தவன். இந்த ஒரு வரியைப் பிழையில்லாமல் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. வேலைக்கு வந்த புதிதில் அவனை எல்லோரும் ஆப்பிரிக்கன் என்றார்கள். நானும் அப்படியே சொன்னேன். பிறகு துணி வெளுக்கும் பகுதிக்கு இன்னொரு நைஜீரியன் வந்தான். அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு போய், “பார், உன்ர ஊர்க்காரன்,” என்று இவனுக்கு முன்னால் இருத்தினேன். பெரிய உபகாரம் செய்த நினைப்பு எனக்கு. இரண்டு பேரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுக் கோப்பியைக் குடித்தார்கள். வந்தவன் வடக்கு ஆள், ஹவுசா, முஸ்லிம். அவனுடைய மொழி இவனுக்கு ஒரு சொல்லும் தெரியாது. இவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வடக்கிலே இக்போக்களைத் தெருத்தெருவாக வெட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பியாஃப்ரா என்று தனிநாடு கேட்டுப் போர் நடந்திருக்கிறது.

“அவன் நல்ல பெடியன். அவனில எனக்குக் கோபம் இல்லை,” என்றான் இவன், வந்தவன் போன பிறகு. “ஆனா நாளைக்கு நான் ஒரு சிங்களவனைக் கூட்டிக்கொண்டு வந்து, உன்ர ஊர்க்காரன் எண்டு பக்கத்தில இருத்தினா நீ என்ன செய்வாய்?”

கோப்பியைக் குடிப்பேன், வேறு என்ன செய்வேன்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் விட்டேன். மன்னாரில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் எலும்பும் தோலுமாக இருந்ததால் எனக்குப் பட்டப்பெயர் பியாஃப்ரா. அதை ஒரு பகிடியாக அவனிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. போருக்குள் சாப்பாட்டு வழிகள் எல்லாம் அடைபட்டபோது அவனுடைய தங்கச்சி வயிறு வீங்கி, தலைமயிர் செம்பட்டையாகி, ஒரு காலையில் செத்துப் போயிருக்கிறாள். அப்போது அவனுக்கு ஏழு வயது. “உங்கட ஊரில அவளின்ர பேரைத்தான் உனக்கு வச்சவங்கள்,” என்றான். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இதற்குப் பிறகும் என்னோடு கதைத்தான் பாருங்கள், அதுதான் அவனுடைய குணம்.

அவனுக்குக் கதைக்கப் பிடிக்கும். ஆப்பிரிக்கா என்றால் ஒரே காடு, ஒரே சனம் என்று நினைத்திருந்த என்னை உட்காரவைத்து, அவனுடைய ஒரு நாட்டுக்குள்ளேயே எத்தனை மொழி, எத்தனை கடவுள், எத்தனை விதமான கலியாணம் என்று சொல்லிக்கொண்டே போவான். “எங்கட பக்கத்தில ராசா இல்லை,” என்பான் பெருமையாக. “ஊர் கூடிக் கதைக்கும். எல்லாரும் கதைச்சு முடிய வேணும். வெள்ளைக்காரன் வந்து ராசா எங்க எண்டு தேடினான். கிடைக்காதபடியா தானே ஆக்களைப் பிடிச்சுத் தலைவன் எண்டு தொப்பி போட்டுவிட்டான். பிறகு பொம்பிளையள் திரண்டு போய் அந்தத் தொப்பியளைப் பறிச்சவை.” எனக்கு அந்தப் பெண்களை நிரம்பப் பிடித்தது.

சூரிச்சில் ஒரு ஆப்பிரிக்கக் கடையிலிருந்து கோலாக் கொட்டை வாங்கி வந்து வேலையாட்கள் விடுதியில் எங்களுக்கும் தந்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவார்களாம். உடைக்கும்போது வீட்டுக்காரன் செத்துப்போன தகப்பன்மாரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிடுவான். பெயர் சொல்லப்பட்டவர்கள் வந்து சாப்பிட்டுப் போவார்கள். கத்தோலிக்கர்கள்தான், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள்தான், என்றாலும் இதை விடுவதில்லை. என் அறையில் என்னோடு தங்கியிருந்த, நான் அண்ணை என்று கூப்பிடுகிற தமிழர், காய்கறி வெட்டுகிறவர், ஒரு துண்டைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “கயர்க்குது தம்பி. ஒரு வெத்திலையும் கொஞ்சம் சுண்ணாம்பும் இருந்தாச் சமாளிக்கலாம்,” என்றார்.

இப்படியான ஆளுக்குத்தான் தகப்பன் செத்த செய்தி வந்தது.

அவன் மூத்த மகன். அவர்கள் பக்கத்தில் தகப்பனை வீட்டு முற்றத்திலேயே புதைப்பார்கள். மூத்தவன் வந்து நிற்காமல் அந்தக் குழியை வெட்டமாட்டார்கள். தம்பி இருந்தும் பலனில்லை. கலியாணம் முடித்துப் போன பெண்பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வந்து கூடவேண்டும். அவர்களுடைய வாய்ச்சொல்லுக்கு அங்கே நல்ல மதிப்பு. அதுவரை உடல் ஆஸ்பத்திரிக் குளிரறையில் கிடக்கும், எத்தனை மாதமானாலும்.

போகலாம் என்றால் எப்படிப் போவது? அவன் அகதி விண்ணப்பம் போட்டவன். ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, இராணுவ ஆட்சியை எதிர்த்துத் துண்டுப்பிரசுரம் அடித்து, தேடப்பட்டு ஓடிவந்தவன். முதல் விசாரணையில், “உங்கள் நாட்டில் வேறு நகரத்தில் போய் இருக்கலாமே,” என்று கேட்டிருக்கிறார்கள். என்னிடம் கொழும்பில் இருக்கலாமே என்று கேட்ட அதே கேள்வி. இரண்டாம் விசாரணைக்கு அழைப்பு எந்த நாளும் வரலாம். ஊருக்குப் போனால் இங்கே கதை முடிந்தது, அங்கே பிடிபட்டால் அங்கேயும் கதை முடிந்தது. போகாவிட்டால் தகப்பன் ஐஸில் கிடப்பார்.

அவன் படுத்த பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு இடத்தில் நிற்கமாட்டான். இடைவேளையில் தெருவில் இறங்கி ரயில் நிலையம்வரை போவான், திரும்புவான், மறுபடி போவான். ஊரில் அடிக்கடி மின்சாரம் போகுமாம். போனால் ஜெனரேட்டர் போடுவார்களா, டீசல் இருக்குமா என்று என்னிடம் கேட்பான். எனக்கு எப்படித் தெரியும்? விடுதியில் விளக்கு ஒருதரம் மினுங்கினாலே எழும்பி நிற்பான். குளிரறைக்கு அவனுக்காக நானே போய்வந்தேன். அவனுடைய அந்தரம் எனக்கும் தொற்றிவிட்டது. உள்ளே போய் நின்றால் எதை எடுக்க வந்தேன் என்பது மறந்துபோகும்.

எனக்கு என்ன தொற்றியது என்று அப்போது நான் யாருக்கும் சொல்லவில்லை. அதற்கு இரண்டு வருடம் முந்தி என் அப்பா, ஊரை விட்டு ஓடிய இடத்தில், காட்டுக்குள் இருந்த ஒரு அகதி முகாமில் காய்ச்சலில் செத்துப் போனார். கடிதம் கொழும்பு சுற்றி என் கைக்கு வர நான்கு மாதம். நாங்களும் கத்தோலிக்கர்தான், ஆனால் செபம் சொல்லச் சுவாமி இல்லை, பெட்டி இல்லை. பாயில் சுற்றி ஒரு மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். இரண்டாம் கிழமையே முகாம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. எந்த மரம் என்று இப்போது அம்மாவுக்கே தெரியாது. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு மத்தியான வேலைக்குப் போனேன். அழவில்லை. முப்பத்தோராம் நாள் பூசை எப்போதோ கடந்து போயிருந்தது.

எங்கள் ஆட்களுக்கு அந்த முப்பத்தொன்று பெரிய நாள். பூசை வைத்து, செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து, வந்தவர்களுக்குப் பந்தி வைத்து, கறுப்பு உடுப்பைக் கழற்றுவோம். அன்றோடு துக்கம் முடிந்தது. அதற்குப் பிறகு வீட்டில் சிரிக்கலாம்.

நண்பனுக்கு இதைச் செய்துவிடுவோம் என்று ஒருநாள் எனக்குத் தோன்றியது. தோன்றியதும் ஆள் மாறிவிட்டேன். கழுவ வந்த தட்டுகள் எல்லாம் இலேசாகத் தெரிந்தன. போன் வந்த நாளிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். முப்பத்தோராம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே விழுந்தது. இதைவிட வேறென்ன வேண்டும் என்று அண்ணையிடம் சொன்னேன். கோயில் சுவாமியிடம் பெயரைக் கொடுத்தேன். உங்கள் அப்பா எதை விரும்பிச் சாப்பிடுவார் என்று அவனிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். ஆட்டிறைச்சியை உறைப்பாகச் சாறு வைத்தால் சட்டியை வழித்துக் குடிப்பார் என்றான். அவன் மேசையிலிருந்த தகப்பனின் படத்தைச் சொல்லாமல் எடுத்துப் போய்ப் பெரிதாக்கினேன். கறுப்பைக் கழற்றிவிட்டு உடுத்த ஒரு வெள்ளைச் சேட்டும் வாங்கினேன். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. “ஞாயிறு பூசைக்குப் பிந்தாமல் வா,” என்று மட்டும் சொன்னேன்.

உடல் அடக்கமாகவில்லை என்பது எனக்குத் தெரியும். அவன் வாயால் தினம் கேட்டது. ஆனால் எங்களுக்குச் சாவும் அடக்கமும் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதம் கிடக்கலாம் என்பது விரல் எண்ணும்போது என் புத்தியில் ஏறவே இல்லை. அண்ணைக்கும் ஏறவில்லை. வந்த பத்துப் பன்னிரண்டு தமிழ் ஆட்களில் ஒருவருக்கும் ஏறவில்லை.

பூசையில் தகப்பனின் பெயர் வாசிக்கப்பட்டபோது அவன் திரும்பி என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. சரியாகச் செய்திருக்கிறோம் என்று நினைத்தேன். பிறகு பக்கத்து மண்டபத்துக்குக் கூட்டிப்போனோம். மேசையில் மாலை போட்ட படம், மெழுகுதிரி, படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் சோறும் ஆட்டிறைச்சிச் சாறும். எங்கள் ஆட்கள் வரிசையாக வந்து அவன் கையைப் பிடித்தார்கள். அண்ணை வெள்ளைச் சேட்டை நீட்டி, தன் ஆங்கிலத்தில் அழகாக விளக்கினார். “இண்டையோட உன்ர துக்கம் முடிஞ்சுது தம்பி. இனி நீ சிரிக்கலாம்.”

அவன் சேட்டை வாங்கவில்லை. படத்தையும் தட்டையும் பார்த்தான்.

“என்ர அப்பா இன்னும் வீட்டுக்கு வந்து சேரேல்லை,” என்றான் என்னைப் பார்த்து. “அதுக்குள்ள நீ அவருக்குப் பந்தி வச்சு அனுப்பிப்போட்டாய்.”

குரலை உயர்த்தவில்லை. மாலையைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தான். படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். பூசைக்கு வந்திருந்த துணி வெளுக்கும் ஹவுசாப் பெடியன் வாசலில் நின்றான். முஸ்லிம்தான், துக்கத்துக்கு வராமல் விடக்கூடாது என்று வந்தவன். “எங்கட பக்கத்தில எண்டா அண்டைக்கே பொழுதுபட முந்திப் புதைச்சிருப்பம்,” என்றான் என்னிடம். “ஆனா அவை வேற ஆக்கள். அது உங்களுக்குத் தெரியாதோ?” வடக்கு ஆளுக்குத் தெரிந்தது, ஒரு வருடம் பக்கத்துத் தொட்டியில் நின்ற எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தில் அந்தச் சோற்றை யாரும் தொடவில்லை.

அடுத்த இரண்டு கிழமை அவன் என்னோடு கதைக்கவில்லை. ஷெஃப் வெண்ணெய் கேட்டால் அவனே குளிரறைக்குள் போனான். போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றான். நான் வெளியே தட்டைக் கழுவிய இடத்திலேயே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு, அவன் எப்போது வருவான் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் ஒரு பின்னேரம் அவனுடைய அறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கட்டிலில் பயணப்பை திறந்து கிடந்தது. அதற்கு மேலே அழைப்புக் கடிதம்: இரண்டாம் விசாரணைக்கு இன்னும் ஒன்பது நாள்.

“உனக்கென்ன விசரோ?” என்று கத்தினேன். “ஒன்பது நாள் பொறுக்கேலாதோ? செத்தவர் எங்கயும் ஓடமாட்டார். உன்னைப் பிடிச்சா என்ன செய்வாய்?”

“விண்ணப்பத்தைத் திருப்பி எடுக்கிறன் எண்டு கையெழுத்து வச்சாச்சு,” என்றான். “விமானத்தில நேர போகேல்லை. கமரூனுக்குப் போய் எல்லையால நடக்கப்போறன்.”

“என்னாலதானே? நான் வச்ச பந்தியாலதானே?”

“ஓம்,” என்றான். “உங்கட ஆக்கள் வந்து கையைப் பிடிச்ச நேரம், எல்லாம் முடிஞ்சமாதிரி எனக்கு நிம்மதியா இருந்தது. அதுதான் பயந்திட்டன். இன்னும் ரெண்டு மாதம் இருந்தா, நானும் முடிஞ்சுது எண்டு நினைச்சுப்போடுவன்.”

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. என் அப்பா எந்த மரத்தடியில் கிடக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது, நான் உயிரோடு இருக்கவில்லையா, வேலைக்குப் போகவில்லையா, உனக்கு மட்டும் என்ன பெரிய சட்டம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் பூசை உன் அப்பாவுக்கு வைத்ததில்லை, என் அப்பாவுக்குத்தான் வைத்திருக்கிறேன் போலக் கிடக்கிறது என்றும் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

அவன் பையை மூடிவிட்டுக் கட்டிலில் எனக்கு இடம் விட்டான். “அவரை ஆரும் கூப்பிட்டவையோ?” என்று கேட்டான். எனக்கு விளங்கவில்லை. “கொப்பற்ற பேர் என்ன?” என்றான். சொன்னேன். அப்பாவின் பெயரை அவனால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். மூன்றாம் தரம் ஓரளவுக்கு வந்தது. செபத்தில் சேர்த்துக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தேன். மறுநாள் காலை ரயிலில் போய்விட்டான்.

பிறகு ஒரு செய்தியும் இல்லை. அவனுடைய இடத்துக்கு ஒரு போர்த்துக்கேயன் வந்தான். நான் நிலைகொள்ளாமல் திரிந்தேன். ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தபால் பெட்டியை வேலைக்குப் போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் திறந்து பார்த்தேன். எல்லையில் பிடித்திருப்பார்கள், அடித்திருப்பார்கள், என் ஒரு பந்தியால் ஒருவனைக் கொன்றுவிட்டேன் என்று அண்ணையின் உயிரை வாங்கினேன். “வாயை மூடிக்கொண்டு படு,” என்று அவர் எரிந்து விழுந்தார். அவரும்தான் தபால் பெட்டியைப் பார்த்தார்.

பனி உருகி, மாடுகள் மலைக்கு மேலே மேயப் போய், சுற்றுலாக்காரர்கள் நடக்க வரும் காலத்தில் ஒரு பொதி வந்தது. கமரூன் தபால்தலை. உள்ளே ஒரு வீடியோ கசெட். கடிதம் இல்லை.

அண்ணையின் டெக்கில் போட்டோம். செம்மண் முற்றம், நூற்றுக்கணக்கில் சனம், ஒரே துணியில் உடுத்த பெண்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளாக இருக்க வேண்டும். பித்தளை வாத்தியம் முழங்கியது. திடீரென்று வேட்டுச் சத்தம் கேட்டு அண்ணை கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். மரியாதைக்குச் சுடுகிற வெடி என்று தெரிந்து மறுபடி இருந்தார். வீட்டுக்கு முன்னால் குழி வெட்டியிருந்தது. அவன் வந்தான். மெலிந்திருந்தான். உயிரோடு இருந்தான். கடவுளே என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அவன் கோலாக் கொட்டையைக் கையில் எடுத்துத் தன் மொழியில் கதைக்கத் தொடங்கினான். ஒவ்வொரு வசனத்துக்கும் சனம் ஒரு குரலாகப் பதில் சொன்னது. பெயர்கள்தான் வந்துகொண்டிருந்தன. தகப்பன், தகப்பனுடைய தகப்பன், அதற்கும் மேலே உள்ளவர்கள். கடைசியில் கொஞ்சம் நிறுத்தினான். பிறகு, நாக்கு இடறி, மெதுவாக, என் அப்பாவின் பெயரைச் சொன்னான். யாரென்று தெரியாத அந்தச் சனம் முழுவதும் அதற்கும் அதே பதிலைச் சொன்னது.

அண்ணை டெக்கை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “கொப்பற்ற பேரைத்தானே சொன்னவன்?”

“ஓம்.”

பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டார். மறுபடியும் சொன்னான். கடிதம் வந்த அன்றைக்கு அழாத அழுகையை அன்றைக்கு அழுதேன். அண்ணை எழும்பிப் போய் யன்னலடியில் நின்றார்.

அடுத்த நாள் சமையலறை நாட்காட்டியில் எண்ணினேன். கசெட்டில் பார்த்த அடக்கம் எந்த நாள் நடந்தது என்று எனக்குத் தெரியாது. அதனால் அந்தப் பெயரைக் கேட்ட நாளிலிருந்து எண்ணினேன். முப்பத்தொன்று ஒரு செவ்வாய்க்கிழமையில் வந்தது. செவ்வாய்க்கிழமை லீவு தரமுடியாது, ஆள் இல்லை என்றார் ஷெஃப். ஏன் லீவு என்றும் கேட்டார்.

“அப்பா செத்திட்டார்,” என்றேன்.

“எப்ப?” என்றார்.

“நேற்று,” என்றேன்.